வெதர் சீல்டு டிஎஸ்எல்ஆர்: வேலூர்ப் பக்கத்துக்குத் தேவையா?

கேள்வி – ஜனவரி 4, 2024

அண்ணா, பேரணாம்பட்டிலிருந்து கேட்கிறேன். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. பொங்கலுக்குள் டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமரா, ஒன்று எடுத்துவிட வேண்டும். கடையில் புது கேனான் 1500டி பார்த்தேன், கிட் லென்ஸோடு வருகிறது. தெரிந்தவர் ஒருவர் தன் பழைய நிக்கான் டி7200 பாடியைத் தருகிறேன் என்கிறார். லென்ஸ் கிடையாது. 'வெதர் சீல்டு, வெதர் சீல்டு', மழை தாங்கும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நம்ம பக்கம் வருஷத்தில் எத்தனை நாள் மழை பெய்கிறது? மழையில்லாத ஊருக்கு அது எதற்கு? விளம்பரத்துக்குச் சொல்வதுதானே?

ஜனவரி 4, இரவு 10.20

டி7200 எடுங்கள் தம்பி. விலை பேசிக் குறையுங்கள், மிச்சத்தை லென்ஸுக்கு வையுங்கள்.

மழை நாளை எண்ணியதில்தான் கணக்கு தப்பிவிட்டது. சீலிங் தண்ணீருக்கு மட்டும் வைத்ததில்லை, தூசிக்கும் அதுதான் காவல். இன்னும் பத்து நாளில் நம்ம பக்கம் மாடு விடும் திருவிழா ஆரம்பித்துவிடும், மார்ச் வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் அதைப் படமெடுக்கத்தான் பொங்கலுக்குள் என்று அவசரப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தெருவின் இரண்டு பக்கமும் கட்டை கட்டி ஒவ்வொரு மாடாக விடுவார்கள். மாடு நம் முன்னால் இருப்பது இரண்டு மூன்று நொடி. அது கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அடுத்த மாடு வந்துவிடும். காலையிலிருந்து மதியம் வரை இதே கதை. வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் செம்மண்ணாக வருகிறது. நம் மூக்குக்குள் போனது கேமராப் பொத்தானின் இடுக்குக்குள் மட்டும் போகாமல் இருக்குமா?

1500டி மோசமான கேமரா இல்லை, பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் அது நொடிக்கு 3 படம்தான் எடுக்கும், டி7200 6 எடுக்கும். 1500டியின் வ்யூஃபைண்டர், நாம் கண் வைத்துப் பார்க்கும் துளை, காட்சியில் 95 சதவீதத்தைத்தான் காட்டும், டி7200 முழுசாகக் காட்டும். ஓடி வரும் மாட்டின் கொம்பு ஃப்ரேமுக்குள் இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்பது அந்த 5 சதவீதத்தில்தான் இருக்கிறது.

ஜனவரி 5

காலையில் படித்துப் பார்த்தேன். சீலிங் என்றால் என்ன என்பதையே சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

கேமரா பாடி ஒரே துண்டாக வார்த்தது இல்லை. முன்பக்கம், பின்பக்கம், மேல்மூடி, அடிப்பக்கம் என்று தனித்தனியாகச் செய்து திருகாணி போட்டு மூடியிருப்பார்கள். இரண்டு துண்டு சேரும் கோடு எல்லாமே ஒரு வழி. ஒவ்வொரு பொத்தான், ஒவ்வொரு டயல், பேட்டரிக் கதவு, மெமரி கார்டு கதவு, யுஎஸ்பி மூடி, ஃபிளாஷ் மாட்டும் இடம் எல்லாமே வழிதான். அந்த வழிகளில் ரப்பர் வளையமோ, மெல்லிய நுரைப் பட்டையோ, சிலிக்கான் உறையோ வைத்து அடைப்பதுதான் சீலிங். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நம் வீட்டு பிரஷர் குக்கருக்கு கேஸ்கெட் செய்யும் வேலைதான்.

சில கம்பெனிகள் எத்தனை இடத்தில் அடைத்திருக்கிறோம் என்று எண்ணியே சொல்லும். பென்டாக்ஸ் அப்படி. 2006ல் வந்த கே10டியில் 72 இடம், 2009ல் வந்த கே-7ல் 77, 2013ல் வந்த கே-3ல் 92, 2016ல் வந்த கே-70ல் 100. நான் வைத்திருப்பது கே-3, பழசாக வாங்கியது. ஆம்பூரிலிருந்து தோல் வியாபாரத்துக்கு வெளிநாடு போய்வரும் உறவினர் ஒருவர் கொண்டுவந்தார். மக்னீசியம் கலவை உடம்பு, நொடிக்கு 8 படத்துக்கு மேல் எடுக்கும், படம் நடுங்காமல் காக்கும் வேலை பாடியிலேயே இருக்கிறது. கையில் பிடித்தால் ஒரு செங்கல் துண்டு மாதிரி கெட்டியாக இருக்கும். எனக்கு அந்தக் கனம் பிடிக்கும்.

உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குடியாத்தம், வேலூர் இரண்டிலும் சேர்த்து பென்டாக்ஸ் லென்ஸை இரவல் கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லை. நிக்கான், கேனான் என்றால் எந்த ஸ்டுடியோவில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும். ஆரம்பிக்கும்போது அது பெரிய பலம்.

ஜனவரி 5, மாலை

லென்ஸும் சீல்டாக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு: ஆமாம், பாடி மட்டும் சீல்டாக இருந்தால் பாதிக் காவல்தான். பாடியும் லென்ஸும் சேரும் மவுண்ட்தான் இருப்பதிலேயே பெரிய வாசல். முன்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்துவைத்தால் எப்படி?

லென்ஸை வாங்குவதற்கு முன் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உலோக மவுண்டின் ஓரத்தை ஒட்டி, நூல் கனத்தில் ஒரு ரப்பர் வளையம் தெரிய வேண்டும். விரல் நுனியால் தடவினால் லேசாக மடங்கிக் கொடுக்கும். அது இருந்தால் மவுண்ட் பக்கம் காவல் உண்டு. இல்லாவிட்டால் எந்த எழுத்து போட்டிருந்தாலும் மழைக்கு எடுத்துப் போகாதீர்கள். பென்டாக்ஸில் டபிள்யூஆர், ஏடபிள்யூ என்று லென்ஸின் பெயரிலேயே எழுதியிருப்பார்கள். கேனானில் எல் என்ற விலை உயர்ந்த வகை லென்ஸ்களில் பலவற்றுக்கு உண்டு, சாதாரண 18-55 கிட் லென்ஸுக்குக் கிடையாது (இந்த எண்கள் மில்லிமீட்டரில் குவியத் தூரம், எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும்).

பழைய லென்ஸ் என்றால் அந்த வளையம் வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நம்ம ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஜனவரி 6

மேலே ஒரு திருத்தம். எல் லென்ஸ் என்றதும் முழுக் காவல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 17-40 எஃப் 4 மாதிரி சில லென்ஸ்களில் முன்பக்கம் ஒரு ஃபில்டர் மாட்டினால்தான் அடைப்பு முழுமையாகும். அதைக் கேனானே சொல்கிறது. ஆரணியில் இருக்கும் நண்பர் நினைவுபடுத்தினார், நன்றி.

ஜனவரி 9

"என் போன் ஐபி 68, கேமராவுக்கு எத்தனை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

ஐபி என்பது உலகம் முழுக்க ஒரே மாதிரி சோதித்துத் தரும் எண். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது இலக்கம் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்குப் பொதுவாக இந்த எண்ணே தருவதில்லை. 'தூசி, துளி தாங்கும்' என்று வார்த்தையில் சொல்லி நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு துளி, எத்தனை நிமிஷம் என்று கேட்டால் பதில் இருக்காது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். போனில் கழற்றி மாட்ட ஒன்றும் இல்லை. கேமராவில் லென்ஸைக் கழற்றினால் கேமராவின் முகமே திறந்துவிடுகிறது.

அதனால் வெதர் சீல்டு வேறு, வாட்டர் ப்ரூஃப் வேறு. தூறல், சாரல், தெறிக்கும் தண்ணீர், புழுதி வரை சரி. கிணற்றில் விழுந்தால் போச்சு. குழாயில் காட்டிக் கழுவுவதும் கூடாது, அப்படி வீடியோ போடுகிறவர்களைப் பார்த்து யாரும் செய்ய வேண்டாம். தண்ணீர் உள்ளே போனால் சாதாரண வாரண்டியில் எந்தக் கம்பெனியும் சும்மா சரிசெய்து தராது, சீல்டு என்று விற்றிருந்தாலும்.

ஜனவரி 19

நேற்று அணைக்கட்டு தாலுகாவில் ஒரு ஊரில் மாடு விட்டார்கள். காலை ஏழரைக்கே போய் இடம் பிடித்தேன். வந்து கேமராவைத் துடைத்தபோது என் முதல் பதிலைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று தோன்றியது.

பாடியில் ஒன்றும் போகவில்லை. பொத்தான், டயல் எல்லாம் நன்றாகச் சுற்றுகின்றன. ஆனால் இரவு லென்ஸ் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் நான்கு கரும்புள்ளி. படம் பதியும் சென்சாரில் தூசி. எப்படிப் போனது? நான் அங்கே லென்ஸ் மாற்றவே இல்லை.

18-135 லென்ஸ்தான் வழி. இது ஜூம் செய்தால் குழல் வெளியே நீளும் வகை. நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும். சைக்கிள் பம்பு மாதிரி. மாடு தூரத்தில் வரும்போது 135, கிட்டே வந்ததும் 18, அடுத்த மாட்டுக்கு மறுபடி 135. ஒரு காலையில் எத்தனை நூறு முறை இழுத்திருப்பேன்! அந்தக் காற்றெல்லாம் எங்கிருந்து வந்தது? புழுதியிலிருந்துதான். சீல் பெரிய மண்ணைத் தடுக்கிறது, காற்றோடு வரும் மாவு மாதிரியான தூசியை முழுக்கத் தடுக்க முடியாது.

எனவே தம்பி, புழுதியில் நிற்கப் போகிறீர்கள் என்றால் நீளாத லென்ஸாகப் பாருங்கள். ஜூம் இல்லாத 50, 85 போன்றவையோ, உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் 70-200 மாதிரியோ. 70-200 எஃப் 2.8 உங்கள் பணத்துக்கு இப்போது வராது. 85 பழசாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே தூரத்தில் நின்று, மாடு அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருந்து எடுங்கள். படமும் அப்போதுதான் நன்றாக வரும்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் நான் கேமராவைத் துணியால் மூடி மூடித் திறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாபா, கொழந்தைக்கு வெயில் படாம பாத்துக்கறா மாரி பாத்துக்கற" என்றார். ஆமாம் ஐயா என்றேன்.

ஜனவரி 20

தூசி துடைக்கும் வரிசை கேட்டிருந்தீர்கள். முதலில் ப்ளோயர் (கையால் அமுக்கிக் காற்று ஊதும் ரப்பர் பம்பு), அப்புறம் மென்மையான பிரஷ், கடைசியில்தான் துணி. எடுத்த எடுப்பில் துணியைப் போட்டால் மண்ணையே உப்புத்தாளாக்கிக் கண்ணாடியில் தேய்க்கிறோம். வாயால் ஊதக் கூடாது, எச்சில் போகும். பேட்டரிக் கதவைத் திறப்பதற்கு முன் கதவின் ஓரத்தை ஊதிவிடுங்கள். ரப்பர் ஓரத்தில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் கதவு மூடும்போது அங்கே இடைவெளி விழும். ஒரு தலைமுடி போதும், அடைப்பு கெட்டுவிடும்.

பிப்ரவரி 11

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலையில் தங்கி நட்சத்திரம் எடுக்கப் போனோம். காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் மலை அது. வானம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே வாணியம்பாடியில் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரமெல்லாம் அங்கே மணலை வாரி இறைத்த மாதிரி கிடக்கிறது.

இரவு இரண்டு மணிக்குக் கேமராவைத் தொட்டேன். நனைந்திருந்தது. மழை இல்லை, மேகம் இல்லை, பனி. பாடியின் மேல்மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர், ஷட்டர் பொத்தானைச் சுற்றி ஒரு வளையமாகத் தேங்கி நிற்கிறது. கூட வந்தவரின் சீலிங் இல்லாத கேமராவும் அப்படியே. அவர் பயந்துபோய்ப் பையில் வைத்துவிட்டார். நான் துடைத்துவிட்டு விடியும்வரை எடுத்தேன். மழையில்லாத ஊர் என்றீர்களே தம்பி, மழையில்லாமலேயே கேமரா இப்படி நனையும்.

ஒன்று மட்டும் சீலிங்கால் ஆகாது. லென்ஸின் முன் கண்ணாடியில் பனி படர்ந்தால் படம் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். கண்ணாடியைச் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் சூடாக வைப்பதுதான் வழி. இதற்கென்றே யுஎஸ்பியில் ஓடும் சூட்டுப் பட்டை விற்கிறார்கள். எங்களிடம் இல்லை. லென்ஸ் முனையில் ஹூட் என்ற மறைப்பை மாட்டி, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை துடைத்தோம்.

மார்ச் 12

மயானக் கொள்ளை முடிந்து வந்து, இன்னும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. வேலூரில் இதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். சிவராத்திரி முடிந்து அமாவாசையில் பாலாற்றங்கரைக்கு அம்மனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேஷம் கட்டியவர்கள், மேளம், மேலே வந்து விழும் சுண்டலும் சில்லறையும், காற்று முழுக்கக் குங்குமமும் மஞ்சளும். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் கால் வைத்த இடமெல்லாம் மணல் வேறு.

குங்குமம் புழுதியைவிட நைசு, அதோடு வியர்வையில் கரைந்து ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியில் துடைத்தால் தேய்ந்து பரவும். துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒற்றி எடுங்கள். உடனே காய்ந்த துணி. ரப்பர் பிடியில் பட்ட மஞ்சள் எனக்கு முழுசாகப் போகவில்லை, போகாது. வியர்வையும் இப்படித்தான், அதில் உப்பு இருக்கிறது. உலோகத் திருகாணியை அரிக்கும். கடற்கரைக்குப் போய்வந்தவர்கள் கேமராவைத் துடைப்பதுபோல நாமும் திருவிழா முடிந்ததும் துடைக்க வேண்டும்.

சீலிங் உள்ள கேமராவின் பெரிய வசதி இங்கேதான் தெரிகிறது. ஈரத் துணியைத் தைரியமாக எடுக்கலாம். முந்தைய கேமராவில் ஈரத் துணி பக்கத்தில் வந்தாலே எனக்குக் கை நடுங்கும். அதற்குக் காரணம் உண்டு, அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 13

கேட்டதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

2021 நவம்பர். பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த வாரம். வருஷக்கணக்கில் மணலாக மட்டுமே பார்த்த ஆறு கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் ஓடுகிறது. ஊரே பாலத்தில் நிற்கிறது. வயதானவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் வீட்டில் இருந்த சீலிங் இல்லாத கேமராவை எடுத்துக்கொண்டு குடையோடு ஓடினேன். பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நடந்திருக்கும்.

பெருமழை இல்லை, சாரல்தான். குடைக்குள் வைத்துத்தான் எடுத்தேன். அரை மணி நேரம் கழித்து, நான் பொத்தானைத் தொடாமலே ஷட்டர் கடகடவென்று அடித்தது. நிற்கவில்லை. ஆஃப் செய்தேன், ஆஃப் ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றினேன். ஷட்டர் பொத்தானின் இடுக்கில் இறங்கிய தண்ணீர் அடியில் இருக்கும் தொடர்பை இணைத்துவிட்டது, அவ்வளவுதான். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். மெயின் போர்டு போய்விட்டது, மாற்றும் காசுக்குப் பழைய கேமரா இன்னொன்றே வாங்கலாம் என்றார்கள்.

பணம் போனதைவிட வேறொன்று வலித்தது. அந்த வெள்ளம் அதற்கப்புறம் மூன்று நாள் ஓடியது. என்னிடம் கேமரா இல்லை.

மே 3

கத்திரி தொடங்கப்போகிறது, ஏற்கெனவே 42, 43 என்று போய்க்கொண்டிருக்கிறது. யாரும் கேட்காத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

உங்கள் கேமராப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் 'இயங்கும் வெப்பநிலை' என்று ஒரு வரி இருக்கும். டி7200க்கு 0 முதல் 40 டிகிரி. என் கே-3க்கு மைனஸ் 10 முதல் 40. குளிரில் இத்தனை டிகிரி தாங்கும் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அதுதான் கவலை. மேல்பக்கம் இரண்டுக்கும் அதே 40தான். நமக்கு மைனஸ் 10 எதற்கு? நம்ம ஊர் மே மாதம் நிழலிலேயே அந்த 40ஐத் தாண்டுகிறது. வெயிலில் வைத்த கறுப்புக் கேமரா இன்னும் மேலே போகும். 'வெதர் சீல்டு' என்பதில் இருக்கும் வெதர் நம்ம ஊர் வெதர் இல்லை. இதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை.

கேமரா உடனே கெட்டுவிடும் என்று பயப்படச் சொல்லவில்லை, நான் வருஷா வருஷம் எடுக்கிறேன். ஆனால் சூட்டில் சென்சாரில் இரைச்சல், அதாவது படத்தில் வரும் தேவையில்லாத புள்ளிகள், கூடும். வெளிச்சமே படாவிட்டாலும் சென்சாரில் உண்டாகும் மின்னோட்டம், ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி ஏறும்போதெல்லாம் இரண்டு மடங்காகும். பெரிய தொலைநோக்கிகளில் சென்சாரைக் குளிரவைத்தே பயன்படுத்துவது இதனால்தான். பிடியில் ஒட்டிய ரப்பரின் பசை இளகும், ஓரம் தூக்கும். அந்த ஓரம் தூக்கினால் பாடி சீலிங் போய்விடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மேல் ரப்பர் வேறு, உள்ளே இருக்கும் அடைப்பு வேறு. ஆனாலும் சும்மா விட வேண்டாம், ஒட்டிவிடுங்கள்.

காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எனக்கு இதில் சமாதானமே கிடையாது. கண்ணாடி ஏற்றிய கார் அரை மணியில் அடுப்பாகிவிடும். வெள்ளைத் துண்டை ஒன்று கூடவே வைத்திருந்து கேமரா மேல் போடுங்கள். கறுப்பின் சூட்டை அது ஒன்றே பாதியாகக் குறைத்த மாதிரி இருக்கிறது.

மே 15

நேற்று வைகாசி 1, எங்கள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் நாள். கூட்டத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். தெருவில் கால் வைக்க இடமில்லை, சிரசு வரும் வழியெல்லாம் தேங்காய் உடைகிறது, பூ மேலே வந்து விழுகிறது. முதல் பத்து நிமிஷத்தில் உடைத்த தேங்காய்த் தண்ணீர் லென்ஸ் மேல் தெறித்தது. துடைத்தேன், எடுத்தேன்.

சொல்ல வந்தது இதுதான். வெயிலில் நின்றுவிட்டு ஒரு வீட்டு ஏசி அறைக்குள் போனோம், தண்ணீர் குடித்து அரை மணி உட்கார்ந்தோம். திரும்பத் தெருவுக்கு வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிட்டது. கல்யாண வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏசி மண்டபத்திலிருந்து ஊர்வலத்துக்கு ஓடுவோமே, அப்போது முதல் பத்துப் படம் எப்போதும் மங்கல்தான். கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி வெளியே கொண்டுவாருங்கள், பைக்குள்ளேயே சூடேறட்டும். அவசரமென்றால் பத்து நிமிஷம், முடிந்தால் இன்னும் கூட. அதற்குள் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள். கழற்றினால் அந்த ஈரக் காற்று உள்ளே போய்ச் சென்சாரிலேயே படியும்.

அக்டோபர் 16

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒன்றை எழுதுகிறேன். சீலிங்கில் ஒரு குறையும் உண்டு.

வெளியே இருக்கும் ஈரத்தைத் தடுக்கும் அதே ரப்பர், உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. மழை நாளில் லென்ஸை மாற்றினால் அந்த ஈரக் காற்று உள்ளே அடைபட்டுவிடும். சீலிங் இல்லாத கேமராவை மின்விசிறி அடியில் வைத்தால் சீக்கிரம் உலரும், சீல்டு கேமரா நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் மழையில் எடுத்து வந்த கேமராவை அப்படியே பையில் போட்டு மூடாதீர்கள். துடைத்து, வெளிப்பக்கம் காய்ந்த பிறகு, காய்ந்த அறையில் லென்ஸையும் கதவுகளையும் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு இரவு வையுங்கள்.

அரிசியில் புதைக்கலாம் என்று நானே இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். அரிசி அவ்வளவாக ஈரத்தை இழுப்பதில்லை, அதன் தவிட்டு மாவுதான் இடுக்கில் போய் உட்காருகிறது. சிலிக்கா ஜெல் மலிவு. நீல நிறத்தில் வரும் வகை ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும், வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலத்துக்குப் போடும் கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது, சமைக்கும் வாணலியை எடுக்காதீர்கள். என் வீட்டில் இதற்கென்றே ஒரு பழைய வாணலி இருக்கிறது. மூடி இறுகும் எவர்சில்வர் சம்புடம் ஒன்றும் ஈர அளவுக் கருவி ஒன்றும் போதும். 40, 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். 60ஐத் தாண்டி வாரக்கணக்கில் இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்ன ஆரம்பித்துவிடும். ஒருமுறை பிடித்தால் துடைத்தாலும் பூச்சில் தழும்பு இருக்கும்.

அக்டோபர் 17

டிஎஸ்எல்ஆரே முடிந்துபோன கதை, இதை ஏன் இப்படி விரிவாகப் பேசுகிறீர்கள் என்று ஒரு கருத்து. உண்மைதான், கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிதாக டிஎஸ்எல்ஆர் விடவில்லை. பென்டாக்ஸ் மட்டும் 2021ல் கே-3 மார்க் 3 விட்டது. எல்லாரும் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா, பக்கம் போய்விட்டார்கள். அதனால்தான் ஒருகாலத்தில் நம்மால் தொட முடியாத சீல்டு பாடியெல்லாம் இப்போது பேரணாம்பட்டில் ஒரு தம்பியின் 45,000க்குள் வருகிறது. ஊர்த் திருவிழா எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை.

டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. திருவண்ணாமலையிலிருந்து வரும் செய்தி எல்லாம் மனதைப் பிசைகிறது, அதைப் பற்றி எழுத இப்போது முடியவில்லை.

ஞாயிறன்று நான் வேலூர்க் கோட்டைக்குப் போயிருந்தேன். அகழி முழுக்க மழைப் புள்ளி. கருங்கல் சுவர் நனைந்து கன்னங்கரேலென்று ஆகி, ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிகிறது. வெயில் காலத்தில் அந்தச் சுவர் வெறும் சாம்பல்தான். ஒன்றேகால் மணி நேரம் குடையில்லாமல் எடுத்தேன், ஹூட் மட்டும் மாட்டியிருந்தேன். ஜூமை 35ல் வைத்துவிட்டுத் தொடவே இல்லை, ஜனவரியில் கற்றது. முன் கண்ணாடியில் விழுந்த துளிகள் பூச்சின் மேல் நிற்காமல் உருண்டு ஓடின. ஷட்டர் பொத்தானில் தண்ணீர் தேங்கியபோது 2021 ஞாபகம் வந்து கை ஒரு நொடி நின்றது. அழுத்தினேன். ஒரே ஒரு முறைதான் அடித்தது.

டிசம்பர் 3, இரவு

தம்பி, உங்கள் படம் பார்த்தேன். மழையில் மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டிப் போகும் அம்மா, தலையில் உரச் சாக்கு, மாட்டின் முதுகில் ஆவி பறக்கிறது. டி7200ம் பழைய 85ம்தானே? இதை எடுத்துவிட்டு 'கேமரா நனைந்துவிட்டது, என்ன செய்ய' என்று கேட்கிறீர்கள்.

இப்போது கார்டு எடுக்கக் கதவைத் திறக்காதீர்கள். ஆஃப் செய்து, வெளிப்பக்கத்தைப் பருத்தித் துணியால் ஒற்றுங்கள், லென்ஸ் சேரும் கோட்டைச் சுற்றி இரண்டு முறை ஒற்றுங்கள், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் தேங்கியதை வடியவிடுங்கள். ராத்திரி மின்விசிறிக்குக் கீழே இருக்கட்டும். மிச்சப் படங்களைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.